கவுங்பவுங் வைத்த கொழுந்தனார்

1

இந்த வருஷம் எங்கள் கல்யாண நாளில் எங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசியவர் ஒரே ஒருவர்தான். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்தில் இருக்கும் ஒரு வக்கீல் அம்மா. வாழ்த்துச் சொல்ல எழுதவில்லை. "உங்கள் திருமண ஆல்பம் இப்போது யார் வசம் இருக்கிறது? அந்தப் பாதிரியார் அதில் இருக்கிறாரா?" என்று மின்னஞ்சலில் கேட்டிருந்தார். என் வீட்டுக்காரர் டேனியலுக்கு அன்று என்ன நாள் என்பதே மறந்துபோயிருந்தது. நான் சொன்னதும், "ஓ, இன்னைக்கா?" என்றார். பிறகு மின்னஞ்சலில் இருந்ததைச் சொன்னேன். குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் ஸ்டெல்லா, பாளையங்கோட்டைக்காரி. ரங்கூன் மாப்பிள்ளை என்றதும் எங்கள் தெருவே வாயைப் பிளந்தது. ரங்கூனில் இருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களைத்தான் அவர்களுக்குத் தெரியும். அங்கே போய் வாழ்க்கைப்படுகிற ஒருத்தியை அவர்கள் பார்த்ததில்லை. வந்தேன், முப்பது வருஷம் ஓடிவிட்டது. யாங்கோன் என்று பெயர் மாற்றியும் நாங்கள் ரங்கூன் என்றுதான் சொல்கிறோம். லத்தா பேட்டையில் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. இங்கே எல்லா வீட்டுப் பால்கனியில் இருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்கும், நுனியில் ஒரு கிளிப்பு இருக்கும். காய்காரி பையை மாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே மணி அடிக்கும். என் பிழைப்பும் அந்தக் கயிற்றில்தான் ஏறி வருகிறது. வெளிநாடு போகிறவர்களின் பிறப்புச் சான்றிதழ், குடும்பப் பதிவு, படிப்புச் சான்றிதழ் இவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து முத்திரை குத்திக் கொடுப்பேன். இந்த ஊர் இளசுகளில் இப்போது போகாதவர்கள் குறைவு, அதனால் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. கரண்டு இருக்கும்போது தட்டச்சு செய்வேன். இல்லாதபோது கரண்டு எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

"ஆல்பம் நம்மகிட்டதான் இருக்குன்னு பதில் போட்டுறட்டுமா?" என்று கேட்டேன்.

"போடாத. யோசிக்கணும்" என்றார் டேனியல்.

2

அந்த வக்கீல் அம்மா மூலம் வழக்குப் போட்டிருப்பவர் பெர்த்தில் இருக்கும் டேனியலின் தம்பி, என் கொழுந்தனார் செல்வம். எங்கள் ஊர்ப்பக்கமாக இருந்தால் என்னை மதினி என்றிருப்பார், இங்கே அண்ணி. அவருக்கு ஒன்பது வயதாகும்போது தாயார் போய்விட்டார். மாமனார் இன்சீன் ரயில்வே பட்டறையில் கிளார்க்கு. சோறு வடிக்கத் தெரிந்த மூத்த மகனை வீட்டில் வைத்துக்கொண்டு, சின்னவரை நகரத்துக்குள் இருந்த கோயில் விடுதியில் சேர்த்தார். மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த விடுதி கோயிலிடமே இருந்தது. அதை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரச் சாமியார், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். எல்லோருக்கும் அவர் பெரிய சாமி. அப்பாவும் அண்ணனும் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் ஏறி வந்து செல்வத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மற்ற நாட்களில் பெரிய சாமி அந்தப் பையனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு என்ன செய்தார் என்பதைச் செல்வம் தன் அறுபதாவது வயதையொட்டித்தான் வாய் திறந்து சொன்னார். முதலில் அங்கே ஒரு டாக்டரிடம், பிறகு வக்கீலிடம், கடைசியாக எங்களிடம். விவரத்தை நான் எழுதப்போவதில்லை. ஒருமுறை காதால் கேட்டதே போதும்.

பெரிய சாமி கடைசிக் காலத்தில் ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிப் போய் அங்கேயே செத்தார். அவருடைய துறவற சபையின் தலைமை இல்லம் அங்கேதான் இருக்கிறது. செல்வம் பிழைக்கப் போய்ச் சேர்ந்ததும் அதே நாடு. இந்த மாதிரிப் பழைய கொடுமைகளுக்கு அங்கே காலக்கெடு பார்ப்பதில்லை என்பதால் சபையின் மேல் வழக்குப் போட முடிந்தது.

வழக்கு என்றால் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வது என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தை இன்னும் எட்டவேயில்லை. விசாரணைக்கு முன்பே இரண்டு தரப்பும் தங்கள் கையிலுள்ள ஆவணங்களை ஒருவருக்கொருவர் காட்டிவிட வேண்டும், தனக்குப் பாதகமாக இருப்பதையும் காட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். காதுக்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது. காட்டு, காட்டமாட்டேன் என்பதிலேயே வழக்கு வருஷக்கணக்கில் நிற்கிறது.

விடுதிப் பதிவேடுகள் எங்கே என்று கேட்டதற்கு, அவை ரங்கூன் கோயிலின் சொத்து, எங்களிடம் இல்லை என்றது சபை. ரங்கூன் கோயிலில் கேட்டதற்கு, எல்லாவற்றையும் அந்தக் காலத்திலேயே தலைமை இல்லத்துக்கு அனுப்பிவிட்டோம், மிச்சம் மீதி புயலில் போய்விட்டது என்றார்கள். பெரிய சாமியைப் பற்றிய சொந்தக் கோப்பைக் கேட்டதற்கு, அது ஞான விஷயம், ரகசியம் என்று பதில் வந்தது. நீதிபதி கண்டித்த பிறகு ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள், பெரும்பாலான வரிகளில் கறுப்பு மை. அதில் ஒரு பக்கம் மட்டும் தமிழில் இருந்ததால் என்னவென்று பார்த்துச் சொல்லும்படி எனக்கு அனுப்பினார் வக்கீல் அம்மா. உறவுக்காரி என்பதால் என் முத்திரை நீதிமன்றத்தில் செல்லாது, சும்மா அர்த்தம் தெரிந்துகொள்ளத்தான். மேலே "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்று இருந்தது. கீழே "தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்" என்று இருந்தது. நடுவில் முழுக்கக் கறுப்பு. மொழிபெயர்த்து அனுப்பினேன். என் தொழிலில் இவ்வளவு சுலபமான வேலை வந்ததே இல்லை.

அதே சபை செல்வத்திடம் என்னவெல்லாம் கேட்டது தெரியுமா? மனநல டாக்டரிடம் பேசியது, தூக்க மாத்திரைச் சீட்டு, விவாகரத்துக் காகிதம், வேலைக்கு லீவு போட்ட காரணம். எல்லாவற்றையும் மை பூசாமல் கொடுத்துவிட்டார். இப்போது, அந்தச் சாமியோடு அவர் சேர்ந்து நிற்கிற படங்கள் வேண்டுமாம்.

3

எதற்குப் படம் என்றால், செல்வம் வளர்ந்து ஆளான பிறகும் பெரிய சாமியிடம் பிரியமாகத்தான் இருந்தார், குடும்பமே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது, அப்படிப்பட்டவர் மேல் இப்போது சொல்வது எப்படி நிஜமாகும் என்று கேட்பதற்கு.

கொண்டாடினோம், பொய்யில்லை. எங்கள் கல்யாணப் பூசையை வைத்ததே பெரிய சாமிதான். அவரைக் கூப்பிடாமல் இந்த ஊரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணம் நடக்காது. ஒருவர் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்ல மனம் கூசுவதை பர்மியர்கள் 'ஆனாதே' என்பார்கள். இங்கே பிறந்த தமிழர்களுக்கு அது தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. செல்வம் அன்று என்ன காரணத்தைச் சொல்லி அவரை வேண்டாம் என்றிருக்க முடியும்?

செல்வத்திடம் இருந்த நாலைந்து படங்களைப் பார்த்துவிட்டு வக்கீல் அம்மா என்னிடம் கேட்டார்: இவர் ஏன் எல்லோருடைய முகத்தையும் தொட்டுக்கொண்டே இருக்கிறார்? ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். சாமியாரைக் கண்டால் "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்று தலை குனிவோம். அவர் கட்டைவிரலால் நம் நெற்றியில் சிலுவை போடுவார். பாளையங்கோட்டையில் இப்போது குட்மார்னிங் ஃபாதரோடு சரி என்கிறாள் என் தங்கச்சி. இங்கே மட்டும், கப்பலில் வந்தவர்கள் கொண்டுவந்த பழக்கத்தைப் பெட்டியில் பூட்டி வைத்ததுபோல அப்படியே வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். "அப்படியென்றால் கை குலுக்குவது மாதிரியா?" என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஆமாம் என்று எழுதிவிட்டேன். அதற்குமேல் எனக்குத் தெம்பில்லை.

டேனியல் வெளியே போயிருந்த நேரம் ஆல்பத்தை எடுத்தேன். ரங்கூன் மழையின் ஈரத்தில் படங்கள் மேல்தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தன. என் நெற்றியில் சிலுவை, டேனியலின் நெற்றியில் சிலுவை, மாமனார், சித்தப்பாமார், குழந்தை குட்டிகள் எல்லோர் நெற்றியிலும் அந்தக் கட்டைவிரல். அப்புறம் அந்தப் படம் வந்தது.

மண்டபத்தில் ஆண்கள் எல்லோரும் கோட்டு சூட்டில் இருக்கிறார்கள். செல்வம் மட்டும் பட்டு லுங்கி கட்டி, தலையில் கவுங்பவுங் வைத்திருக்கிறார். பர்மிய ஆண்கள் விசேஷத்துக்கு வைக்கும் பட்டுத் தலைப்பாகை அது. தொப்பி மாதிரி ஆயத்தமாகக் கடையில் கிடைக்கும், புருவத்துக்குக் கொஞ்சம் மேலே வரை இறங்கும், ஒரு பக்கம் முடிச்சு சிறகு மாதிரி நிற்கும். இங்கே மாப்பிள்ளைகள் வைப்பது அது. அதனால் விருந்துக்கு வந்த பர்மியர்களில் பாதிப்பேர் செல்வத்தைத்தான் மாப்பிள்ளை என்று நினைத்துக் கை கொடுத்தார்கள். "மாண்டலே ராஜா வந்துட்டார், எல்லாரும் எந்திரிங்க" என்று டேனியல் அன்று முழுக்கக் கேலி செய்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எங்கள் மகள் ஷீலாவின் ஞானஸ்நானத்துக்கும் செல்வம் கவுங்பவுங்கோடுதான் வந்தார். பெர்த்துக்குப் போகிறவரை கோயில் விசேஷம் எதற்கும் அது இல்லாமல் அவர் வந்து நான் பார்த்ததில்லை. வீட்டில் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பழகிப்போனோம்.

படத்தில் பெரிய சாமியின் கை செல்வத்தின் தோளில் இருக்கிறது. செல்வம் லேசாகக் குனிந்து புன்னகைக்கிறார். பக்கத்தில் புதுமாப்பிள்ளை டேனியல் வாய் கொள்ளாமல் சிரிக்கிறார். சபையின் வக்கீல்கள் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக ஒரு படம் கிடைத்திருக்காது.

திரும்பி வந்த டேனியலிடம் காட்டினேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினார்.

"இதைக் குடுத்தா அவன் கேஸ் அத்தோட போச்சு, ஸ்டெல்லா. ஆல்பம் என்னோடது. அவன் கையில இல்லாததை அவன் எப்படிக் காட்டுவான்?"

வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். அது சரிதான் என்றார். ரங்கூனில் இருக்கிற ஒருவரின் அலமாரியைத் திறக்கச் சொல்ல அந்த நீதிமன்றத்தால் முடியாது. ஆனால் இப்படிப் படங்கள் இருப்பதாகச் செல்வமே சத்தியம் செய்து சொல்லிவிட்டார். வராவிட்டால், ஒளித்துவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். முடிவு உங்கள் கணவருடையது என்று எழுதியிருந்தார்.

4

டேனியல் சொன்னது பாதிக் காரணம்தான். மீதியைக் கொண்டுவந்தவர் மிக்கேல் அண்ணன், கோயில் கமிட்டிக்காரர். நாலு மாடி ஏறி மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். லாபெத்யே, அதுதான் இந்த ஊர்ப் பால் டீ, கொடுத்தேன். மழை, அரிசி விலை, கரண்டு எல்லாம் பேசி முடித்தார்.

"டேனியலு, தம்பிகிட்ட நீ சொன்னா கேப்பான்" என்றார். "செத்துப்போன மனுசன். இனிமே எடுத்து என்ன பண்ண? ஒருத்தரும் உன்னைத் தப்பா நினைக்கல. ஆனா டிசம்பர்ல மகள் கல்யாணம் நம்ம கோயில்லதானே வச்சிருக்க. சனங்க வாய் சும்மா இருக்காது பாரு."

"நான் ஒண்ணும் அனுப்பல அண்ணே" என்றார் டேனியல்.

"அது போதும்" என்று எழுந்துவிட்டார் மிக்கேல் அண்ணன். மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் படி வழுக்கும், பார்த்து இறங்குங்க என்றுதான் சொன்னேன். ஆனாதே எனக்கும் பிடித்துவிட்டது.

டேனியல் அந்தக் கோயில் பாட்டுக்குழுவில் சின்ன வயதில் இருந்து பாடுகிறவர். அவருக்கு வேறு ஊர் கிடையாது. பாளையங்கோட்டை என் ஊர், அவருக்கு அது மாமனார் ஊர் மட்டும்தான். தமிழ் பேசிக் கேட்க அவருக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கோயில் ஒன்றுதான். வீட்டிலேயே ஷீலாவிடம் நாங்கள் தமிழில் கேட்டால் பர்மியத்தில் பதில் வரும். அவள் கட்டிக்கொள்ளப் போகிற கரேன் இனத்துப் பையனுக்கு வணக்கம்கூடத் தெரியாது. பேரப்பிள்ளைகள் என்ன பேசுவார்கள் என்று நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். அதனால் டேனியல் பயந்ததை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெர்த்தில் ஒரு மனிதர், தன் வீட்டில் இருந்து ஒரே ஒரு ஆளாவது தன் பக்கம் நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவும் எனக்குத் தெரியும்.

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் செல்வம் கூப்பிட்டார். வீடியோ அழைப்பை இங்கே அரசாங்கம் முடக்கி வைத்திருப்பதால், அதற்கு வேண்டிய குறுக்கு வழியை ஷீலாதான் போனில் போட்டுக் கொடுப்பாள். போனைச் சோற்றுப் பானைமேல் சாய்த்து வைத்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஆல்பத்தை அனுப்பிடு."

"டேய், உனக்கு விவரம் புரியுதா? அந்தாளு உன் தோள்ல கை போட்டு நிக்கிறான். நீ சிரிச்சுக்கிட்டு இருக்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அனுப்பச் சொல்ற?"

"தோள்லதானே போட்டிருக்கான்" என்றார் செல்வம். "மத்த படத்தையும் பாரு. உனக்கு, அண்ணிக்கு, அப்பாவுக்கு எல்லாருக்கும் எங்க போட்டான்? நெத்தியில போட்டான். எனக்கு மட்டும் ஏன் போடல?"

நான் ஆல்பத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன்.

"விடுதியில ஒவ்வொரு தடவையும் என்னை ரூமை விட்டு அனுப்பறப்ப நெத்தியில சிலுவை போட்டுத்தான் அனுப்புவான், அண்ணே. அதுக்கப்புறம் யார் விரல் நெத்தியில பட்டாலும் எனக்குக் குமட்டும். உன் கல்யாணத்துக்கு அவன்தான் வர்றான்னு அப்பா சொன்னப்ப, வராம இருந்துடலாமான்னு பார்த்தேன். உன் கல்யாணத்துக்கு எப்படி வராம இருக்கிறது? போஜோ மார்க்கெட்டுக்குப் போனேன், கவுங்பவுங் ஒண்ணு வாங்கினேன். அது நெத்தியை மறைச்சிடும். தலையில இருக்கிறதை யாரும் தொட்டு எடுக்கவும் மாட்டாங்க, பர்மாக்காரன் ஊர்ல அது பெரிய மரியாதைக்கேடு. கையைத் தூக்கிட்டு வந்தான். எங்க வைக்கிறதுன்னு தெரியாம தோள்ல வச்சுட்டான். அதனாலதான் சிரிச்சேன்."

ஷீலாவுக்கு எவ்வளவு தமிழ் புரிந்ததோ, முந்தானை மாதிரி நான் கட்டியிருந்த பர்மிய லுங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். டேனியல் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"நான் உன்னை ராஜான்னு..." என்று ஆரம்பித்தார்.

"யாபாதே அண்ணே" என்றார் செல்வம். பரவாயில்லை என்பதற்கு இந்த ஊரில் அதுதான் சொல். "உனக்கு எப்படித் தெரியும்?"

"இதைச் சொன்னா ஜட்ஜு நம்புவாரா தம்பி?" என்று நான் கேட்டேன்.

"வக்கீலம்மா சொல்லிட்டாங்க அண்ணி. இது என் வாய்ப்பேச்சுத்தான், படத்தைப் பார்க்கிறவங்க கண்ணுக்குச் சிரிப்புத்தான் தெரியுமாம். நமக்கு நட்டமா போனாலும் போகும். இருந்தாலும் அனுப்புங்க. அவங்க மை பூசி அனுப்பினாங்க. நம்ம வீட்ல இருந்து அப்படிப் போக வேணாம்."

6

மறுநாள் டேனியல் சவரம் செய்யவில்லை. டீக்கடைக்கும் போகவில்லை. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, ஒட்டிய படங்களைப் பிளேடு நுனியால் மெதுவாக எடுத்தார். ஒன்றுகூடக் கிழியவில்லை. டிசம்பரை என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஷீலா இருந்த இடத்தில் இருந்தே பர்மியத்தில் சொன்னாள்: கோயில் தராவிட்டால் மாப்பிள்ளை வீட்டுக் கரேன் கோயில் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் இந்த வீடு இருக்கிறது. அவ்வளவு பேரை நாலு மாடி ஏற்றுவதா என்று நான் சொன்னதற்குக் கயிற்றைக் காட்டினாள். அவளுடைய அப்பா அன்றைக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் சிரித்தார்.

படங்களை ஒரு உறையில் போட்டுக் கயிற்றில் இறக்கினேன். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போனுக்கு அனுப்பிவிட்டு, உறையைத் திரும்பக் கிளிப்பில் மாட்டி மணி அடித்தார். வக்கீல் அம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அதில் இருப்பவர்கள் யார், என்ன செய்கிறார்கள் என்று ஆல்பத்தின் சொந்தக்காரர் தன் மொழியில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆங்கிலத்தில் ஆக்குவது வேறொருவர், நான் தமிழில் தட்டச்சு செய்தால் போதும். கரண்டு இருந்தது. டேனியல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, கோயிலில் வாசகம் வாசிக்கிற குரலில் சொல்ல ஆரம்பித்தார். மாமனாரின் படம், என் படம், சித்தப்பாமார் படம் எல்லாம் மடமடவென்று முடிந்தன. அந்தப் படம் வந்தது.

"எழுது. இடப்பக்கம் நிற்பவர் பாதிரியார். அவர் கை என் தம்பியின் தோளில் இருக்கிறது. நடுவில், தலையில் கவுங்பவுங் வைத்திருப்பவர் என் தம்பி செல்வம்."

அடித்தேன். அவர் நிறுத்திவிட்டார். ஆல்பத்தைத் திரும்பவும் பார்த்தார்.

"வலப்பக்கம் மணமகன்னு போட்டுறட்டுமா? அது போதும்ங்க" என்றேன்.

"போதாது. முழுசா எழுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"வலப்பக்கம் நிற்பது நான், அவனுடைய அண்ணன். அந்தக் கவுங்பவுங்கைப் பார்த்துத்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்."